செனாய்தாவுக்கு என்ன வேலை?

வேலையில் சேரப் போன முதல் நாள் காலை நூலகக் கதவு பூட்டியிருந்தது. திறக்கவேண்டிய நேரம் கடந்துவிட்டது. மாணவர்கள் சாரலில் நனைந்துகொண்டு வாசலில் நின்றார்கள். நானும் புதுச் சட்டையோடும் பிளாஸ்டிக் உறையில் போட்ட நியமன உத்தரவோடும் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண், ஒரு கையில் வாளி, மறு கையில் மாப்பு, மாடிப்படியில் இறங்கி ஓடிவந்து பூட்டைத் திறந்தார்.

"காலத் துடைச்சிட்டு வாங்க. இப்பத்தான் தரைக்கு மாப்பு போட்டேன். யாராவது சேத்தோட வந்தீங்க, இன்னைக்குப் புத்தகம் கிடையாது."

சொல்லிவிட்டு கவுன்ட்டருக்குப் பின்னால் போனார். சாம்பல் நிற மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதே ஆணியில் தொங்கிய நீல மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். கையைத் துடைத்து, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, நாற்காலியில் உட்கார்ந்து, முற்றிலும் வேறொரு குரலில் "அடுத்தது யாரு?" என்றார்.

என் முறை வந்தபோது உத்தரவை நீட்டினேன்.

"ஓ, புது லிக் நீங்கதானா? மூஞ்சியப் பாத்தா இன்னும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி தெரியலையே."

பட்டம் வாங்கியவனை எங்கள் ஊரில் 'லிக்' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கூப்பிடப்பட்ட முதல் ஆள் நான். காப்பிச் சரிவில் கூடை சுமந்த குடும்பத்திலிருந்து மெக்ஸிகோ நகரம் போய், நூலகவியல் படித்துத் தேறி வந்தவன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. அன்றைக்கு அந்த 'லிக்' காதில் விழுந்ததும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

"நீங்க இங்க என்ன பொறுப்புல இருக்கீங்கம்மா?"

"அது கேக்குற ஆளப் பொறுத்தது, மகனே. சாம்பல் கோட்டுல இருக்கறப்ப கேட்டா ஒண்ணு, நீலக் கோட்டுல கேட்டா ஒண்ணு. இப்ப நீலம். புத்தகம் வேணுமா, வழி விடுறீங்களா?"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேடிக்கை இல்லை என்று தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை.

செனாய்தா ரோப்லெஸ் எங்கள் பல்கலைக்கழக மலை வளாகத்தின் நூலகத்துக்குத் துப்புரவுப் பணியாளராக வந்தவர். காகிதத்தில் அவர் பதவி அதுதான், அதுமட்டும்தான். கணவர் எலெயுத்தேரியோ சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவர். மகன் மான்ட்டெரேயில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறான். செனாய்தாவுக்கு நாக்கு நீளம், பொறுமை குட்டை, டிசம்பர் விருந்தில் ஆடத் தொடங்கினால் பாட்டுக்காரர்கள்தான் முதலில் களைப்பார்கள். மாலைப் பள்ளியில் மேல்நிலை முடித்திருந்தார். அந்த ஒரு குற்றத்தால்தான் எல்லாம் வந்தது.

மாலை நேரத்துக்கு ருத்தீலியோ என்று ஒரு நூலகர் இருந்தார். அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் வரும்வரை கவுன்ட்டரில் யார் உட்காருவது? இயக்குநர் அம்பாரோ சுற்றிலும் பார்த்தார். படிக்கத் தெரிந்த ஆளாக, கண்ணில் படும் தூரத்தில், மாப்போடு செனாய்தா நின்றுகொண்டிருந்தார். "இப்போதைக்கு நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க, தோன்யா செனாய்தா" என்றார், மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் ஒரு 'தோன்யா' சேர்த்து. ருத்தீலியோ திரும்பி வரவேயில்லை, ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இடம், ஆள் எடுக்காமல் நிறுத்திவைக்கும் 'முடக்கம்' ஆனது. 'இப்போதைக்கு' மட்டும் வயதாகிக்கொண்டே போனது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த 'இப்போதைக்கு'வுக்குப் பன்னிரண்டு வயது நடந்தது. காலை நேரத்துக்கு நான் வரும்வரை அந்தக் கவுன்ட்டரும் அவர் தலையில்தான் இருந்தது.

எங்கள் நாட்டு அலுவலகங்களில் கான்கிரீட்டைவிட உறுதியான பொருள் இந்த 'இப்போதைக்கு'தான். இடிந்த சுவருக்கு இப்போதைக்கு ஒரு தகரம் வைப்பார்கள். தகரம் துருப்பிடித்துப் பேரன் எடுக்கும், சுவர் வராது.

செனாய்தாவுக்கு மூன்று எஜமானர்கள். இயக்குநர் அம்பாரோவுக்கு அவர் கவுன்ட்டரில் இருக்கவேண்டும். வளாக நிர்வாகச் செயலர் சல்தாஞாவுக்கு அவர் துப்புரவுப் பட்டியலில் ஒரு பெயர், கூப்பிட்டால் வாளியோடு வரவேண்டும். சங்கப் பிரதிநிதி லெயோபார்தோவுக்கோ அவர் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பதே துரோகம்.

லெயோபார்தோ ஒருநாள் என் முன்னாலேயே சொன்னான். "உங்களாலதான் தோழர், ருத்தீலியோவோட இடத்த நிரப்பாம வச்சிருக்கானுங்க. சும்மா செய்ய ஒரு ஆள் இருக்கறப்ப, சம்பளம் கொடுத்து எவன் ஆள் வைப்பான்? ஒரு தோழரோட சோத்துல நீங்க கைய வச்சிருக்கீங்க."

"அப்ப நான் எந்திரிச்சிடறேன். வரிசைய நீ பாத்துக்கறியா, தோழர்?"

"அது என் வேலை இல்லையே."

"பாத்தியா, உனக்கு உன் வேலை எதுன்னாவது தெரியுது. கொடுத்து வச்சவன்."

லெயோபார்தோ சொன்னது பொய்யில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். செனாய்தா உழைத்த உழைப்பே அவருக்கு எதிரான சாட்சியாக நின்றது. இயக்குநரிடம் போய்க் கேட்டால், "இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம், லிக். குடும்பத்துல யாரு வேலை பிரிச்சுப் பாக்குறா?" என்பார். குடும்பம் என்ற சொல்லை அலுவலகத்தில் யாராவது எடுத்தால், உடனே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அன்றிலிருந்து அது என் கட்சி.

அதோடு, இரண்டு வேலை செய்கிறவர் இரண்டையும் நன்றாகச் செய்கிறார் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் கிட்டே வந்து பார்க்காதவர்கள். செனாய்தா தவறுகள் செய்தார். ஒரு வியாழக்கிழமை மாலை, வேளாண்மை படிக்கும் ப்ரிஸ்கா என்ற பெண் மண்ணியல் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். செனாய்தா வாங்கி மேசைமேல் வைத்த நொடியில் தொலைபேசி அடித்தது. மாடியில் குழாய் வெடித்துவிட்டது, உடனே வா என்று சல்தாஞா. புத்தகத்தைப் பதியாமலே ஓடினார். திரும்பி வந்தபோது மேசையில் புத்தகம் இல்லை. யார் எடுத்துப் போனார்களோ.

இரண்டு மாதம் கழித்து, பட்டத் தேர்வுக்கு நாள் குறித்தபிறகு, ப்ரிஸ்கா நூலகத்தில் பாக்கி இல்லை என்ற சான்றிதழுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் 'புத்தகம் வரவில்லை' என்றது. "நான் கொடுத்தேன், இந்தம்மா கையிலதான் கொடுத்தேன்" என்று அந்தப் பெண் சொன்னாள். செனாய்தாவும் "ஆமா, கொடுத்துச்சு, நான்தான் பதியல" என்றார். அதற்கென்ன? துப்புரவுப் பணியாளர் ஒருவரின் வாக்கை வைத்துச் சான்றிதழ் கொடுக்க விதி இல்லை என்றார் இயக்குநர். பன்னிரண்டு வருடமாக அதே கவுன்ட்டரில் அவர் கைப்பட்டுத்தான் எல்லாம் நடக்கிறது, அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவர் துப்புரவுப் பணியாளர். விவகாரம் தீர்வதற்குள் ப்ரிஸ்காவின் தேர்வு அடுத்த பருவத்துக்குப் போய்விட்டது.

அன்றைக்குச் செனாய்தா சண்டை போடவில்லை. நீலக் கோட்டோடு கழிப்பறைக்குள் போய் வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார்.

"குழாயும் முழுசா அடைபடல, புத்தகமும் பதியல. எனக்கு ஒண்ணையாவது முழுசா செஞ்சு முடிக்கணும், மகனே. எதுன்னு சொல்லித் தொலைங்களேன். ரெண்டுல எதுன்னாலும் சரி."

அவர் கேட்டது அவ்வளவுதான். சம்பள உயர்வு கேட்கவில்லை, நாற்காலி கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல ஒரு பல்கலைக்கழகத்தில் ஆள் இல்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் தலைநகரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. வளாகமே தலைகீழாயிற்று. செத்த செடிகளைப் பிடுங்கிப் பூத்த செடிகளை வாடகைக்கு வைத்தார்கள். ஊழியர்களுக்குப் பணித் திருப்தி விசாரிக்கும் தாள் ஒன்று வந்தது. முதல் கேள்வி: உங்கள் பதவி. இரண்டாவது: அந்தப் பதவியின் கடமைகள் உங்களுக்குத் தெளிவாகத் தெரியுமா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும். செனாய்தா பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுக்குக் கீழ ஏதாவது இருக்கா, லிக்?"

"இல்லையே."

"அப்ப இந்தத் தாள் எனக்கு இல்ல" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். இயக்குநர் அதை எடுத்துப் போய், தாமே எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு மற்றத் தாள்களோடு சேர்த்தார். நான் பார்த்தேன்.

குழுவுக்கு நூலகத்தைச் சுற்றிக்காட்ட யார்? மாலைச் சேவை எப்படி நடக்கிறது, மற்ற வளாகங்களிலிருந்து புத்தகம் வரவழைப்பது எப்படி என்று கேட்டால் பதில் சொல்லும் ஆள் செனாய்தாதான். இயக்குநர் தன் கறுப்புக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டுவிட்டார். தோளில் பிடித்தது, பொத்தான் போடமுடியவில்லை. "இன்னைக்கு நீங்க பொதுச்சேவைப் பொறுப்பாளர், சரியா?" என்றார்.

"நாளைக்கு?"

"நாளைக்கத நாளைக்குப் பாப்போம்."

குழுவில் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் ஒரு பேராசிரியை, பருமனான, சிரித்த முகம். செனாய்தா நன்றாகத்தான் பேசினார். பேராசிரியை தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நடுவில், "கொஞ்சம் கை கழுவிட்டு வரேன்" என்று மாடிக் கழிப்பறைக்குப் போனார். போனவர் வேறு முகத்தோடு திரும்பி வந்தார். அங்கே தண்ணீர் இல்லை, காகிதம் இல்லை, தரை முழுக்கச் சேறு. காலையிலிருந்து செனாய்தா அந்தப் பக்கமே போகவில்லை. எப்படிப் போவார்? பொதுச்சேவைப் பொறுப்பாளருக்குக் கழிப்பறையில் என்ன வேலை?

பேராசிரியை மரியாதையாகவே கேட்டார், அதுவும் செனாய்தாவிடமே. "மன்னிச்சுக்கோங்க அம்மா, இந்தக் கட்டடத்துல சுத்தத்துக்கு யாரு பொறுப்பு?"

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் செனாய்தா சொன்னார். "நான்தான்."

குழு சிரித்தது. நல்ல நகைச்சுவை உணர்வு என்று நினைத்திருப்பார்கள். எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. "உண்மையாவா?" என்றார் பேராசிரியை. "சம்பளச் சீட்டு காட்டவா?" என்றார் செனாய்தா.

குழு கிளம்பிய மறுநாள் சல்தாஞாவின் அறையில் செனாய்தா பேரில் மெமோ தயாராக இருந்தது. தன் பதவிக்குரிய துப்புரவுக் கடமையைச் செய்யத் தவறியதற்காக. கறுப்புக் கோட்டைப் போட்டுவிட்ட இயக்குநர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இப்படி மூன்று மெமோ சேர்ந்தால் வேலை போகும். ஓய்வூதியத்துக்கு அவருக்கு இன்னும் சில வருடங்களே பாக்கி.

நான் இயக்குநரிடம் போனேன். "சாட்சி போட்டது நியாயமா? நீங்கதானே அவங்கள அனுப்பினீங்க?"

"விதி அப்படி, லிக். தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்ல. நீங்க சின்னப் பையன், கத்துக்குவீங்க."

கற்றுக்கொள்வதற்குத்தான் ஐந்து வருடம் தலைநகரில் வாடகை அறையில் கிடந்தேன். இதைக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

துவைக்க வீட்டுக்கு எடுத்துப் போன நீலக் கோட்டைத் திங்கட்கிழமை செனாய்தா திரும்பக் கொண்டுவரவில்லை. சாம்பல் கோட்டோடு வந்தார். மாடிக் கழிப்பறையிலிருந்து தொடங்கினார். அந்த நூலகம் அவ்வளவு பளபளப்பாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை. அலமாரிகளின் தலையைத் துடைத்தார், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார். மாலையில் கவுன்ட்டர் முன்னால் வரிசை நின்றது. கவுன்ட்டரில் ஆள் இல்லை. என் பணிநேரம் மதியத்தோடு முடிந்துவிடும், அன்று வேண்டுமென்றே ஓரமாக நின்று பார்த்தேன்.

"தோன்யா, இந்தப் புத்தகத்த மட்டும் பதிஞ்சு கொடுங்களேன்" என்றான் ஒரு மாணவன்.

"என் வேலை இல்ல, ராசா. காலத் தூக்கு, கீழ துடைக்கணும்."

"நீங்கதானே எப்பவும்..."

"எப்பவும்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு, பதிஞ்சு தர்றேன்."

ஒரு வாரம் இப்படி நடந்தது. இயக்குநர் முதலில் கெஞ்சினார், பிறகு முறைத்தார், பிறகு தாமே கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்தார். பார்கோடு வாசிக்கும் கருவியைத் தலைகீழாகப் பிடித்ததாக மாணவர்கள் கதை கட்டினார்கள், அது உண்மையில்லை. ஆனால் இரண்டாம் நாளே அவருக்கு முக்கியக் கூட்டம் வந்துவிட்டது. மாலை நூலகம் மூடிக்கிடந்தது. மாணவர்கள் வளாக முதல்வர் அறை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். லெயோபார்தோ இதற்கெல்லாம் தானே காரணம் என்று சங்க அலுவலகத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். அதன்பிறகுதான் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்த கூட்டுக்குழு செனாய்தாவைக் கூப்பிட்டது. சாட்சியாக என்னையும் கூப்பிடச் சொல்லி அவரே கேட்டிருந்தார்.

முதலில் சல்தாஞா ஒரு இனிப்பை நீட்டினார். "பல்பணி உதவியாளர்னு ஒரு புதுப் பதவி உருவாக்கறோம், தோன்யா. கவுன்ட்டர், துப்புரவு, தேவைப்படற மத்த எல்லாம். உங்க நிலைமைய அப்படியே சட்டப்படி ஆக்கிடறோம். மெமோவையும் எடுத்துடறோம்."

லெயோபார்தோகூடத் தலையாட்டினான். செனாய்தா அவர்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அதாவது, இதுவரைக்கும் திருட்டுத்தனமா ஏறி உக்காந்த கழுதை மேல இனிமே சேணம் போட்டு உக்காரப் போறீங்க."

"அப்படி இல்ல..."

"ஒண்ணு சொல்லுங்க. ஒரே ஒரு வேலை. நான் போகும்போது 'முடிஞ்சது'ன்னு சொல்லிட்டுப் போற மாதிரி."

வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். திரும்ப அழைத்தபோது இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, இப்போதிருக்கும் நிரந்தரத் துப்புரவுப் பதவி, துப்புரவு மட்டும், எழுத்தில், மெமோ ரத்து. இரண்டு, மாலை நூலகர் வேலை. ஆனால் ருத்தீலியோவின் நிரந்தர இடம் முடக்கத்திலேயே இருக்கும், ஆகவே பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அதற்கு நிரந்தரப் பதவியை ராஜினாமா செய்யவேண்டும். அத்தனை வருடச் சேவையும் அதோடு போகும். பதில் சொல்ல வெள்ளிக்கிழமைவரை அவகாசம்.

வாசல் கடையில் ஆளுக்கு இரண்டு மெமேலா வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றோம். சோள அடையின்மேல் அவர் பச்சைக் காரத்தை மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டார்.

"மேல் முறையீடு போடலாம்" என்றேன். "பன்னிரண்டு வருஷம் செஞ்ச வேலை, அந்த இடம் உங்களுது. நான் எழுதித் தரேன். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம்."

"எவ்ளோ நாள் ஆகும்?"

நான் மெமேலாவை ஒரு வாய் கடித்தேன்.

"அதுவரைக்கும் நான் என்ன வேலை செய்யணும்?"

"இப்போதைக்கு..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். காரம் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"நீயும் இயக்குநர் ஆயிடுவடா, லிக்." சிரிப்பு நின்றபிறகு சொன்னார்: "அந்தக் கவுன்ட்டர் எனக்குப் பிடிக்கும். அந்தப் பிள்ளைங்க வந்து தலைய சொறிஞ்சுக்கிட்டு 'சிவப்பு அட்டை போட்ட புத்தகம்'னு கேக்கறது பிடிக்கும். பிடிக்குதுங்கறதுக்காக என் வயசான காலத்த அவங்ககிட்ட அடகு வைக்க முடியாது. எலெயுத்தேரியோவுக்கு ஏற்கெனவே கண்ணு சரியில்ல, இன்னும் எத்தனை நாள் வேன் ஓட்டுவார்? நான் துடைக்கிறேன். ஆனா இந்தக் கட்டடத்துல இல்ல. இங்க இருந்தா என் காலே கவுன்ட்டருக்குப் போயிடும்."

வெள்ளிக்கிழமை அப்படியே எழுதிக் கொடுத்தார். வேறு கட்டடத்துக்கு மாற்றலும் சேர்த்துக் கேட்டார், கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வெளியே என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாவம், நூலகர் ஆகற வாய்ப்பு வந்துச்சு, அவங்களுக்குத்தான் மனசு வரல. சில பேருக்கு மேல வரணும்ங்கற ஆசையே இருக்காது." இயக்குநர் இதை என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, வந்திருந்த ஒரு விருந்தாளியிடம் சொன்னார். அவர் சொல்வது பொய் என்று அந்த விருந்தாளியிடம் நான் சொன்னேன். ஓய்வூதியத்தை விட்டுக்கொடு, வேலை தருகிறேன் என்பது வாய்ப்பு அல்ல, பறிப்பு என்றும் சொன்னேன். ஆசை இல்லாதவரா பன்னிரண்டு வருடம் இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டு ஓடினார்? நானும் பருவ ஒப்பந்தத்தில் இருப்பவன்தான்; அதை அடுத்த பருவத்துக்குப் புதுப்பிப்பார்களா என்று இன்னும் தெரியவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். வேலை எப்படி என்று கேட்டேன். "ரெண்டு மணிக்கு மாப்ப பிழிஞ்சு கவுத்து வச்சா முடிஞ்சது, மகனே. யாரும் கூப்பிடறதில்ல. கூப்பிட்டாலும் எதுக்குன்னு எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் வருது" என்றார். பொய் சொல்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் இல்லை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

செனாய்தா ரோப்லெஸ் இப்போது கால்நடை மருத்துவக் கட்டடத்தில் துப்புரவுப் பணியாளர். காலை ஆறு முதல் மதியம் இரண்டுவரை வேலை, துப்புரவு மட்டும். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ருத்தீலியோவின் இடம் நிரப்பப்படவில்லை. நூலகம் மாலையில் திறப்பதில்லை.